திருமலைக் கடலில் தனி ஆளாக எஞ்சின் வள்ளம் ஓட்டப் பழகுவது: முழு வழிகாட்டி

ஆனி, ஆடி மாதங்களில் திருகோணமலையின் உப்புவெளிக் கரையில் நின்று பார்த்தால் கடல் தட்டையாகக் கிடக்கும். பழக வருபவர்கள் இதுதான் நல்ல காலம் என்று நினைத்துவிடுகிறார்கள். காற்றில்லாததால் வந்த அமைதி அல்ல அது. கச்சான் எனும் தென்மேற்குக் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரத்தில் அலை எழும்ப இடமில்லை, அவ்வளவுதான். வெளியே போகப் போக அதே காற்று வெள்ளை நுரை தள்ளும். அங்கே எஞ்சின் நின்றால் வள்ளம் கரைக்கு வராது, வங்காள விரிகுடாவுக்குப் போகும். நங்கூரம் போட்டுக்கொள்ளலாம் என்றால், திருமலையின் கடலடிப் பள்ளத்தாக்கு துறைமுக வாய்க்குக் கிட்ட வரை வருகிறது. கரை கண்ணுக்கு முன்னால் தெரியும். கீழே ஆழம் நூறு மீற்றரைத் தாண்டியிருக்கும்.

ஆகவே தனியாக ஓடுபவரின் எல்லையை நங்கூரக் கயிறுதான் தீர்மானிக்க வேண்டும். ஆழத்தைப் போல் ஐந்து மடங்கு கயிறு விட வேண்டும் என்பதால், 50 மீற்றர் கயிறு என்றால் 10 மீற்றர் ஆழம், மீனவர் கணக்கில் ஐந்தரைப் பாகம். அதற்கு வெளியே தனியாகப் போக வேண்டாம். ஆழம் பார்க்கக் கருவி தேவையில்லை: அரைக் கிலோ ஈயக்குண்டு ஒன்றை மெல்லிய கயிற்றில் கட்டி, மீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

காலமும் இடமும்

பழகத் தொடங்க நல்ல காலம் பங்குனியும் சித்திரையும். விடியற்காலை 6 மணியிலிருந்து 9 மணி வரை கடல் அடங்கியிருக்கும். பிறகு கடற்காற்று கரைப்பக்கம் வீசத் தொடங்கும். எஞ்சின் நின்றாலும் அந்தக் காற்று உங்களைக் கரைக்கே தள்ளும் என்பதால் புதியவருக்கு அது சாதகம். கச்சான் காலத்தில் பழகியே ஆக வேண்டுமென்றால் காலை வேளையில், கரையிலிருந்து 200 மீற்றருக்குள், கரைக்குச் சமாந்தரமாக மட்டும் ஓடுங்கள். ஐப்பசியில் பின்னேரம் இடி மின்னலோடு திடீர்க் காற்று வரும். கார்த்திகை முதல் தை வரை வாடை; அப்போது வள்ளத்தைக் கரையேற்றி வைத்து எஞ்சின் வேலைகளைப் பார்க்கலாம்.

முதல் சில வாரங்களுக்குக் கிண்ணியாப் பக்கம் தம்பலகாமக் குடாவின் அடைபட்ட நீர் வெளிக்கடலை விட ஏற்றது. ஆனால் ஆழம் குறைவு, சேறு உண்டு, வலைக் கம்புகளும் உண்டு. களப்புத்தானே என்று உயிர்காப்பு அங்கியைக் கழற்றி வைக்காதீர்கள். 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் இழுவைப்படகு கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தது இப்படியான நீரில்தான்.

வள்ளமும் பாரமும்

தனி ஆளுக்கு 14 முதல் 16 அடி பைபர் வள்ளமும் 9.9 அல்லது 15 குதிரைவலு எஞ்சினும் போதும். பெரிய மீன்பிடி வள்ளத்தை 40 குதிரைவலுவோடு தனியாகத் துறையில் கட்டப் பழகுவது வீண் சிரமம். எஞ்சின் மாட்டும் பின்பலகையின் உயரத்தை அளந்து பாருங்கள்: 15 அங்குலம் என்றால் குட்டைத் தண்டு, 20 அங்குலம் என்றால் நீளத் தண்டு. புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டையான தகடு வள்ளத்தின் அடிமட்டத்தோடு ஒத்தோ அரை அங்குலம் கீழேயோ இருக்க வேண்டும். மேலே போனால் காற்றை இழுத்துக்கொண்டு எஞ்சின் அலறும், வள்ளம் நகராது. மிகவும் கீழே போனால் இழுவை கூடும், எண்ணெய் வீணாகும்.

தனியாக ஓடுவதில் பலர் கவனிக்காதது பாரப் பங்கீடு. ஓட்டுபவர் 70 கிலோ, எஞ்சின் 35 முதல் 40 கிலோ, நிறைந்த எண்ணெய்த் தாங்கி 20 கிலோ, எல்லாம் பின்னுக்கு. அணியம், அதாவது வள்ளத்தின் முன்முனை, வானத்தைப் பார்க்கும். முன்னால் பார்வை மறையும், பக்கக் காற்று அணியத்தைப் பிடித்துத் திருப்பும், பின்னாலிருந்து வரும் அலை உள்ளே ஏறும். 20 லீற்றர் தண்ணீர்க் கான் இரண்டை அணியத்தில் வைத்து அசையாமல் கட்டுங்கள். மண் மூட்டையைவிட இது நல்லது. தேவையென்றால் ஊற்றிவிடலாம், தாகத்துக்கும் உதவும். எண்ணெய்த் தாங்கியை நடுப்பலகைக்குக் கீழே தள்ளி, குழாயை நீளமாகப் போடுங்கள். எஞ்சின் கைப்பிடியில் ஒரு மீற்றர் பிவிசி குழாயை இறுகப் பொருத்தினால் நீங்களும் முன்னே தள்ளி உட்காரலாம். கைப்பிடியின் வாயு, அதாவது வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு, குழாயோடு சேர்ந்து தடையின்றித் திரும்புகிறதா என்று கரையிலேயே பார்த்துவிடுங்கள்.

வள்ளத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவை: இரண்டு துடுப்பு, வாளி, 5 லீற்றர் கானை வெட்டிச் செய்த இறைவாளி, இரண்டாவது நங்கூரக் கயிறு, கத்தி, விசில், டோர்ச், உதிரி பிளக்கும் அதைக் கழற்றும் சாவியும், புரொப்பெல்லரைத் தண்டோடு பிடித்திருக்கும் ஊசிக்கு உதிரி ஒன்று. எல்லாவற்றையும் வள்ளத்தோடு கட்டுங்கள். கைத்தொலைபேசி மட்டும் நீர்புகாப் பையில் உங்கள் உடம்பில் இருக்க வேண்டும். வள்ளம் போய்விட்டால் வள்ளத்தில் இருக்கும் தொலைபேசியால் என்ன பயன்?

எஞ்சின்: இழுப்பதற்கு முன்

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் எண்ணெய்க் கலவை பெரும்பாலும் 50க்கு 1. ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் எண்ணெய், 20 லீற்றருக்கு 400 மில்லி. புது எஞ்சினுக்கு ஆரம்ப மணித்தியாலங்களில் கூடுதலாகத் தேவைப்படும். உங்கள் எஞ்சினின் கைநூல் சொல்வதே முடிவு. மோட்டார்சைக்கிள் எண்ணெய் வேண்டாம், வெளியிணைப்பு எஞ்சினுக்கென்றே விற்கும் எண்ணெயை வாங்குங்கள். மண்ணெண்ணெய் எஞ்சின் என்றால் பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து சூடான பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பே மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிவிடுங்கள். மறந்தால் காபரேற்றரில் மண்ணெண்ணெய் தங்கி, அடுத்த நாள் கை ஓயும்வரை இழுக்க வேண்டி வரும்.

எரிபொருளை மூன்றாகப் பிரியுங்கள்: போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, தொடாமல் வைக்க ஒரு பங்கு. 15 குதிரைவலு டூ ஸ்ட்ரோக் முழு வேகத்தில் மணிக்கு 6 லீற்றருக்கு மேல் குடிக்கும்.

1. வள்ளத்தின் அடியிலுள்ள வடிகால் அடைப்பு இறுக்கமா என்று கையால் தொட்டுப் பாருங்கள்.
2. எஞ்சினைப் பிடித்திருக்கும் இரண்டு இறுக்கிகளையும் முறுக்குங்கள். எஞ்சினிலிருந்து வள்ளத்துக்கு ஒரு பாதுகாப்புக் கயிறும் இருக்கட்டும்.
3. தாங்கி மூடியிலுள்ள காற்றுத் திருகைத் திறவுங்கள். எஞ்சின் நன்றாக ஓடிப் பத்து நிமிடத்தில் மூச்சடைத்து நின்றால் முதல் சந்தேகம் இதன்மேல்தான்.
4. குழாயிலுள்ள ரப்பர் குமிழை, அம்புக்குறி எஞ்சினைப் பார்க்கும்படி பிடித்து, கல்லாகும் வரை அமுக்குங்கள். கல்லாகாவிட்டால் எங்கோ காற்று இழுக்கிறது. பெரும்பாலும் பொருத்தியிலுள்ள ரப்பர் வளையம்.
5. எஞ்சின் தண்ணீரில், கியர் நியூற்றலில். நிறுத்துக் கயிற்றை (கழன்றால் எஞ்சினை நிறுத்திவிடும் கயிறு) முதலில் உங்கள் காலிலோ அங்கியிலோ மாட்டி, பிறகு எஞ்சினில் சொருகுங்கள்.
6. குளிர்ந்த எஞ்சினுக்குச் சோக்கை இழுங்கள், சூடானதற்கு வேண்டாம். கயிற்றைத் தடை தெரியும் வரை மெல்ல இழுத்து, அங்கிருந்து ஒரே வீச்சாக இழுங்கள். முழங்காலை ஊன்றி இழுங்கள். நின்றுகொண்டு இழுத்தால் கயிறு சட்டென இளகும்போது பின்னால் விழுவீர்கள்.
7. ஓடத் தொடங்கியதும் பக்கத் துளையிலிருந்து தண்ணீர் பீச்ச வேண்டும். அரை நிமிடத்தில் வராவிட்டால் நிறுத்துங்கள். துளையில் உப்பு அடைத்திருக்கலாம், கம்பியால் குத்திப் பாருங்கள். அதற்கும் வராவிட்டால் தண்ணீர்ப் பம்பின் ரப்பர் சக்கரம் போயிருக்கலாம்.

பெற்றோல் மணம் அடித்து எஞ்சின் பிடிக்காவிட்டால் உள்ளே நனைந்துவிட்டது. நிறுத்துக் கயிற்றைக் கழற்றி, சோக்கை உள்ளே தள்ளி, வாயுவை முழுக்கத் திறந்து ஐந்தாறு தடவை இழுங்கள். பிறகு வாயுவை ஸ்ரார்ட் குறிக்குக் கொண்டுவந்து, கயிற்றைச் சொருகி, மீண்டும் முயலுங்கள். வாயு திறந்தபடியே ஸ்ரார்ட் செய்தால் எஞ்சின் உச்சத்தில் கிளம்பும்.

விழுந்தால்

இருவர் போனால் ஒருவர் விழ மற்றவர் திரும்பி வருவார். தனி ஆள் விழுந்தால் வள்ளம் ஓடிக்கொண்டே இருக்கும். கைப்பிடியை விட்டதும் எஞ்சின் ஒரு பக்கம் சாய, வள்ளம் வட்டமிட்டு விழுந்தவர் மேலேயே வரும். நிறுத்துக் கயிறு இதற்குத்தான். ஒவ்வொரு முறையும் புறப்படும் முன் அதை இழுத்துக் கழற்றி, எஞ்சின் உண்மையில் நிற்கிறதா என்று சோதியுங்கள். உப்பில் அரித்த சுவிச் வேலை செய்யாமல் இருப்பது அரிதல்ல.

அடுத்த கேள்வி எப்படி ஏறுவது. பைபர் வள்ளத்தின் விளிம்பு நீரிலிருந்து இரண்டு அடி உயரம். நனைந்த உடுப்போடு கையூன்றி ஏற ஆரோக்கியமான ஆளுக்கே முடியாது. பின்பக்கத்தில், எஞ்சினுக்கு அருகில், தடித்த கயிற்றில் ஒரு கால்வளையம் கட்டுங்கள். வளையம் நீர்மட்டத்துக்கு இரண்டு அடி கீழே தொங்க வேண்டும். மடித்து விளிம்பில் செருகி, நீரிலிருந்தே இழுத்தால் அவிழும்படி நுனியை வெளியே விடுங்கள். எஞ்சின் நின்றிருந்தால் புரொப்பெல்லருக்கு மேலுள்ள தகட்டையும் படியாக மிதிக்கலாம். நெஞ்சளவு நீரில், கரையில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, அங்கியோடு ஏறிப் பழகுங்கள். இதைச் செய்ய முடியாதவர் தனியாகப் போகக் கூடாது. இதில் விட்டுக்கொடுப்பே இல்லை.

கைப்பிடிப் பழக்கம்

இடக்கையால் பிடித்து, வலப்பக்கப் பலகையில் சற்றே முன்னோக்கி உட்காருங்கள். கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினால் வள்ளம் இடப்பக்கம் திரும்பும். இதை மூளை ஏற்கச் சில மணி நேரம் எடுக்கும். அதுவரை மெதுவாக ஓடுங்கள். காரைப்போல் முன்பக்கம் திரும்புவதாக எண்ணாதீர்கள். திரும்பும்போது பின்பக்கம்தான் வெளியே வீசும். துறைச்சுவரில் இடிப்பதும் அதுவே. இன்னொன்று: நியூற்றலில் திசை இல்லை. புரொப்பெல்லர் தள்ளினால்தான் வள்ளம் சொல் கேட்கும். ஆகவே மெதுவாக வர வேண்டுமென்றால் கியரைப் போட்டு இரண்டு விநாடி, எடுத்து ஐந்து விநாடி, மீண்டும் போட்டு என்று வர வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றும்போது நியூற்றலில் ஒரு மூச்சு நில்லுங்கள். அவசரத்தில் கியர்ப் பல் உடையும்.

5 லீற்றர் வெறுங்கான் ஒன்றைக் கல்லோடு கட்டி மிதக்க விடுங்கள். காற்றுக்கு எதிராக வந்து, கான் உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் வள்ளத்தை நிறுத்துங்கள். பிறகு காற்றோடு வந்து அதையே செய்யுங்கள்; எவ்வளவு தள்ளிப் போகிறீர்கள் என்று தெரியும். இரண்டு கான்களைச் சுற்றி எட்டுப் போடுங்கள். முப்பது மீற்றர் நேராகப் பின்னால் ஓடுங்கள். பின்னோட்டத்தில் எஞ்சின் மேலே எகிறாமல் பூட்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள், வேகம் கூட்டினால் பின்பலகை வழியாகத் தண்ணீர் வரும். கடைசியாக, நியூற்றலில் ஒரு நிமிடம் சும்மா விட்டு, அணியம் எந்தப் பக்கம் விழுகிறது என்று கவனியுங்கள். உங்கள் வள்ளம் காற்றில் எப்படி நடக்கும் என்பதை இந்த ஒரு நிமிடம் சொல்லிவிடும்.

துறையை விட்டு எடுப்பது

தனியாக எடுக்கும்போது கயிறு எதுவும் கரையில் முடிச்சாக இருக்கக் கூடாது. வள்ளத்தின் குறுக்குப் பலகையில் ஒரு நுனியைக் கட்டி, கயிற்றைத் துறைக் கட்டையைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுநுனியை மீண்டும் வள்ளத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள். உள்ளிருந்தே அவிழ்த்து இழுக்கலாம். நுனியில் முடிச்சோ கண்ணியோ இருந்தால் கட்டையில் சிக்கும், வெறும் நுனியாகவே விடுங்கள். இழுத்த கயிறு முழுவதும் உள்ளே வரும்வரை கியர் போடாதீர்கள்.

காற்று துறையிலிருந்து வெளியே தள்ளினால் அவிழ்த்ததும் வள்ளம் தானாக விலகும். காற்று துறையோடு அமுக்கினால்தான் சிரமம். அப்போது அணியத்துக்கு அருகிலிருந்து பின்நோக்கிப் போய்த் துறைக்கட்டையைச் சுற்றி வரும் ஒரு கயிற்றை மட்டும் வையுங்கள். அணியத்துக்கும் சுவருக்கும் இடையில் பழைய ரயர் ஒன்று தொங்கட்டும். கைப்பிடியைத் துறைக்கு எதிர்ப்பக்கம் தள்ளி, முன்கியரில் மிக மெதுவாகக் கொடுங்கள். கயிறு வள்ளத்தை முன்னே போக விடாது, பின்பக்கம் துறையை விட்டு வெளியே வீசும். 40 பாகையளவு விலகியதும் நியூற்றல், கயிற்றை இழுங்கள், பிறகு நேர்ப் பின்னோட்டம்.

கரை மணலிலிருந்து எடுப்பதென்றால் அணியம் கடலைப் பார்க்க, முழங்கால் ஆழத்துக்குத் தள்ளி, வள்ளத்தின் பின்புறமாக ஏறுங்கள். முதல் இருபது மீற்றர் துடுப்பில். முழங்காலுக்கு மேல் அலை உடையும் நாளில் தனியாகக் கரையிலிருந்து எடுக்க வேண்டாம்.

துறையில் கட்டுவது

ரயர்களையும் கயிற்றையும் தூரத்திலேயே தயார் செய்யுங்கள். காற்றோ நீரோட்டமோ எது பலமோ அதற்கு எதிராக, துறைக்கு 20 அல்லது 30 பாகைச் சாய்வில் வாருங்கள். நடக்கும் வேகத்தை விடக் குறைவு. துறையில் இடித்தால் வலிக்காது என்று தோன்றும் வேகமே சரியான வேகம். ஒரு வள்ளம் நீளத்துக்கு முன் நியூற்றல். கைப்பிடியைத் துறைப்பக்கம் தள்ளி ஒரு சிறு முன்தள்ளல் கொடுத்தால் பின்பக்கம் உள்ளே வந்து வள்ளம் சமாந்தரமாகும்.

இப்போது கையில் எடுக்க வேண்டியது நடுக் கயிறு. அணியக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையில் குதிப்பவர்களுக்குப் பின்பக்கம் விலகிப்போகும். பிறகு இரண்டு முனைக்கும் ஓட ஒரு ஆள் போதாது. நடுப்பலகையில் கட்டிய கயிற்றை, உங்களுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் துறைக்கட்டையில் சுற்றி உள்ளே இழுத்து மாட்டுங்கள். கைப்பிடி துறைப்பக்கம் இருக்கட்டும், முன்கியரில் மிக மெதுவாக விடுங்கள். வள்ளம் கயிற்றில் சாய்ந்து, சுவரோடு ஒட்டி, அப்படியே நிற்கும். அது நிற்கும்போது மற்றக் கயிறுகளை ஆறுதலாகக் கட்டி, கடைசியில் எஞ்சினை நிறுத்தலாம். குதிக்க வேண்டிய அவசியமே வராது.

நங்கூரம்

3 முதல் 5 மீற்றர் சங்கிலி, பிறகு கயிறு. விடும் நீளம் ஆழத்தைப் போல் ஐந்து மடங்கு, காற்றில் ஏழு. குறைத்தால் கயிறு மேல்நோக்கி இழுத்து நங்கூரத்தைப் பிடுங்கும். பின்பக்கத்தில் ஒருபோதும் கட்டாதீர்கள். பின்பலகையின் தாழ்ந்த வெட்டு வழியாக இரண்டு அலை போதும், வள்ளம் நிறைய.

ஆனால் தனி ஆள் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது அணியத்துக்கு எப்படிப் போவது? கயிற்றின் நுனியை அணியத்தில் கட்டி, விளிம்புக்கு வெளியால் பின்பக்கம் கொண்டுவந்து, நங்கூரத்தையும் கயிற்றுச் சுருளையும் உங்கள் காலடியில் வாளியில் வையுங்கள். இருந்த இடத்திலிருந்தே போடலாம், வள்ளம் அணியத்தில் இருந்து தொங்கும். எஞ்சின் செத்த நேரத்தில் ஊர்ந்து முன்னே போகத் தேவையில்லை.

முருகைக்கல்லில் போடாதீர்கள். புறாத்தீவைச் சுற்றியுள்ள பகுதி 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அங்கு வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியும் விதிகளும் உண்டு.

அலையும் அயலும்

எதிர் அலையை நேராக முட்டாமல் 30 பாகைச் சாய்வில், வேகம் குறைத்து எடுங்கள். பின்னலையில் முன்னால் போகும் அலையின் முதுகிலேயே இருங்கள். உச்சியைத் தாண்டி இறங்கினால் அணியம் குத்தி, வள்ளம் பக்கம் திரும்பிக் கவிழும். கோணேசர் மலையடியில் பாறைச்சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் வரும் அலையும் மோதிக் கடல் குழம்பியிருக்கும். அந்தப் பக்கம் நன்றாக விலகிச் சுற்றுங்கள்.

கரைவலை விரித்திருக்கும்போது மிதவை வரிசைக்கும் கரைக்கும் இடையில் நுழையாதீர்கள். வலைக்காரருக்கும் நட்டம், உங்கள் புரொப்பெல்லருக்கும் நட்டம். உள்துறைமுகத்துக்குப் போகும் கப்பல் உங்களுக்காக நிற்காது, நிற்கவும் முடியாது. கடற்படைத் தளத்தின் எல்லையை உள்ளூர் மீனவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு அந்தப் பக்கம் தலைவைக்காதிருங்கள். இருட்டிவிட்டால் எல்லாப் பக்கமும் தெரியும் ஒரு வெள்ளை விளக்காவது எரிய வேண்டும்.

எஞ்சின் நின்றால்

முதலில் நங்கூரம், பிறகுதான் எஞ்சின். பழுது பார்க்கும் பத்து நிமிடத்தில் கச்சான் உங்களை எல்லைக்கு வெளியே கொண்டுபோய்விடும். நங்கூரம் பிடித்ததும் இந்த ஒழுங்கில் பாருங்கள்: நிறுத்துக் கயிறு கழன்றதா, காற்றுத் திருகு மூடியதா, ரப்பர் குமிழ் தளர்ந்ததா, தாங்கியில் எண்ணெய் உண்டா, புரொப்பெல்லரில் கயிறோ வலையோ சுற்றியதா, பிளக் நனைந்ததா. சூடேறி நின்றிருந்தால் தண்ணீர் உள்ளே போகும் சல்லடையில் பிளாஸ்ரிக் பை ஒட்டியிருக்கலாம். எஞ்சின் ஓடுகிறது, வள்ளம் நகரவில்லை என்றால் புரொப்பெல்லர் ஊசி உடைந்திருக்கலாம். பழுது பார்க்கும்போது நிறுத்துக் கயிறு கழன்றே இருக்கட்டும்.

சரிவராவிட்டால், கரையில் நீங்கள் யாரிடம் சொல்லிவிட்டு வந்தீர்களோ அவரை அழையுங்கள். புறப்படும் முன் ஒருவரிடம் எந்தப் பக்கம், எத்தனை மணிக்குத் திரும்புவேன், எத்தனை மணிக்குள் வராவிட்டால் தேட வேண்டும் என்று மூன்றையும் சொல்லியிருக்க வேண்டும். வானொலி இருந்தால் விஎச்எஃப் 16ஆம் அலைவரிசை. வள்ளத்தை விட்டு நீந்தாதீர்கள். கவிழ்ந்த பைபர் வள்ளம்கூட ஒரு தலையைவிடத் தூரத்திலிருந்து தெரியும்.

திரும்பிய பின் எஞ்சினை நன்னீர்த் தொட்டியில் பத்து நிமிடம் ஓடவிட்டு உப்பைக் கழுவுங்கள். கியர் எண்ணெயை இடைக்கிடை ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்துவிட்டது, அடுத்த ஓட்டத்துக்கு முன் மாற்ற வேண்டும். கழுவி முடிந்ததும் எஞ்சினை நிமிர்த்தியே வைத்து, தண்ணீர் முழுவதும் வடிந்த பிறகு மட்டும் சரியுங்கள்.